அண்ணியின் மாரடி ஆட்டம்

அண்ணியின் ஆட்டத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் கொட்டாவி விட்டேன். அவரிடமே பல தடவை சொல்லிச் சிரித்த விஷயம்தான், அதனால் இங்கேயும் சொல்லிவிடலாம். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நாத்தனார். நவீன நடனம் என்று இன்றைக்குச் சொல்வதை இந்தப் பக்கம் தொடங்கிவைத்த ஒரு சிலரில் அவரும் ஒருவர் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. எங்கள் குடும்பத்துக்கு மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டி. தக்காளியில் முதல் ரகம் எது, இரண்டாம் ரகம் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆட்டத்தில் ரகம் பிரிக்க எனக்கு வெகு காலம் பிடித்தது.

கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியிருக்கும். பெங்களூரில் அண்ணியின் நிகழ்ச்சி என்று என் வீட்டுக்காரர் யாருக்கும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் பட்டுச்சேலை கட்டி, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கனகாம்பரத்தைத் தலை நிறைய வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். டான்ஸ் என்றால் சலங்கை இருக்கும், நெற்றிச்சுட்டி இருக்கும், சாமி வரும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விளக்கு எரிந்தது. அண்ணி ஒரு சாதாரண நூல் உடுப்பில் வெறுங்காலோடு வந்தார். நடந்தார். உட்கார்ந்தார். களை எடுப்பது போலக் குனிந்து அப்படியே மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார். பாட்டு இல்லை. எனக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். களை எடுப்பதைப் பார்க்கவா டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தோம், எங்கள் தோட்டத்துக்கு வந்தால் சும்மாவே காட்டுவேனே என்று நினைத்தேன். கொட்டாவி வந்தது.

கடைசி ஆட்டத்தில் பெண்கள் கூட்டமாக வந்து வட்டமாக நின்றார்கள். ஒரு காலை முன்னால் வைத்து, இடுப்பை மடக்கிக் குனிந்து, இரண்டு கையையும் தூக்கி மாரில் அறைந்து, ஓர் அடி நகர்ந்தார்கள். மறுபடியும் குனிந்து, அறைந்து, நகர்ந்தார்கள். எனக்குக் கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் சாவு வீட்டில் பொம்பளைகள் பிணத்துக்குப் பக்கத்தில் வட்டமாகச் சுற்றி மாரடிப்போம். அதே அடி, அதே குனிவு. வட்டத்துக்கு வெளியே அண்ணி மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஆட்டம் முடிகிற வரை அசையவே இல்லை. சுற்றிய பெண்களில் ஒருத்திகூட அவர் பக்கம் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் நின்ற இடம் எங்கள் வீட்டுக் கேட் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அதற்கு முன்னால் நான் அண்ணியை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அந்தக் கேட்டுக்கு வெளியேதான் பார்த்தேன்.

அண்ணி காலேஜ் படிக்கப் பெங்களூர் போனவர். காலேஜோடு சேர்த்து அங்கே ஒரு அம்மாவிடம் சலங்கை கட்டி முறையாக டான்ஸும் கற்றார். மாப்பிள்ளை பார்த்துத் தட்டு மாற்றப் போகிற சமயத்தில், கல்யாணம் வேண்டாம், ஆடப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். என் மாமனார் நல்ல மனுஷன்தான். ஆனால் சொன்ன வார்த்தையை விழுங்கத் தெரியாதவர். பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில், எனக்குப் பொண்ணு கெடையாது, ஒரு பையன் மட்டுந்தான் என்று சொன்னார். சொன்னவர் அதைக் காப்பாற்றுவதற்காகவே மீதி வாழ்க்கையை வாழ்ந்தார். நான் மருமகளாக வந்த சில மாதத்திலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார்.

அன்றைக்கு அண்ணி காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டார். ஆம்பளைப் பையன் மாதிரி கிராப்பு வெட்டியிருந்தார். கேட் பக்கம் வந்ததும் மாமனாரின் அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். "நீ அங்கியே நில்லு. அவன் உன்னைய வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கான்." நான் அப்போது வட்டத்துக்குள் மாரடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த அடி பழக்கமில்லை. கால் பிசகிவிடக் கூடாதே என்று முன்னால் போகிறவளின் குதிகாலையே பார்த்துக்கொண்டு சுற்றினேன். என் மாமியாரும் எழுந்து வந்து எங்களோடு சேர்ந்து சுற்றினார். பாடை எடுக்கிற வரை அண்ணி கேட்டுக்கு வெளியே நின்றார் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். பாடை போன பிறகு நான் பார்த்தது, பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்துபோகிற ஒரு முதுகை.

பெங்களூர் நிகழ்ச்சி முடிந்து அண்ணியின் வாடகை வீட்டில் சாப்பிட்டோம். அப்போது நான், எனக்கே உரிய வாய்க்கொழுப்போடு, "அண்ணி, டான்ஸ் எப்ப ஆரம்பிக்கும்னு காத்துக்கிட்டே இருந்தேன், முடிஞ்சே போச்சுங்க" என்றேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவே இல்லை. பாத்திரம் கழுவும்போது சொன்னார். "பெரியப்பா தடுத்தது எனக்குப் பெருசா தெரியலடி. அப்பா சொன்னதுகூடப் போவட்டும். எங்கம்மா என்னைய ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. வட்டம் சுத்திச் சுத்தி கேட்டுப் பக்கம் வருது, போவுது. ஒரு தடவ பாத்திருந்தா நான் வேற ஆளா இருந்திருப்பேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"என்னன்னு கேப்ப? ஏன் பாக்கலன்னா? பாக்கப் புடிக்கலன்னு சொல்லிட்டா நான் எங்க போறது?"

இதுதான் விஷயம். அண்ணியின் வாழ்க்கையில் இந்த ஒரு கேள்வி ஈரக்களிமண் மாதிரி அடியில் கிடந்தது. பெங்களூர் நிகழ்ச்சி முடிந்து இரண்டு வருடத்தில் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். கேட் திறந்துவிட்டது. அதன் பிறகு அண்ணி பொங்கலுக்கு வருவார், பண்டிகைக்கு வருவார். அம்மாவும் மகளும் அவரைக்காய் உரித்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். அந்த ஒரு நாளை மட்டும் இரண்டு பேருமே தொடமாட்டார்கள். தன் மற்ற ஆட்டங்களை அண்ணி செல்போனில் அம்மாவுக்குக் காட்டியிருக்கிறார். இந்த ஆட்டத்தைக் காட்டியதில்லை. அவரைப் பெரிய ஆளாக்கியதே இந்த ஆட்டம்தான். வெளிநாடெல்லாம் போனது. துக்கத்தைப் பற்றிய ஆட்டம் என்றும், பெண்களைச் சமூகம் விலக்குவதைப் பற்றிய ஆட்டம் என்றும் எழுதினார்கள். அண்ணி எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பெத்தவள் பார்க்கவில்லை என்கிற ஆட்டம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணியிடம் எனக்குப் பிடித்தது அவருடைய பிடிவாதம். பத்து வருடம் கற்ற சலங்கையைக் கழற்றி வைத்தபோது கற்றுக்கொடுத்த அம்மாவே பேச்சை நிறுத்திவிட்டாராம். முதல் நிகழ்ச்சியில் பாதிக் கூட்டம் எழுந்து போயிற்றாம். காக்கா வலிப்பு வந்த மாதிரி ஆடுகிறாள் என்றார்களாம். அண்ணி அசரவில்லை. நம்ம ஊரில் பொம்பளைகள் தண்ணிக்குடம் தூக்குகிறார்கள், நாற்று நடுகிறார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். இந்த உடம்புக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், நாம் தனியாகக் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது என்பார். அவரிடம் படித்த பெண்கள் இன்றைக்கு ஊர் ஊராகப் பள்ளி நடத்துகிறார்கள். குதிகால் முழுதாகப் பதிய, தரைக்கு வலிக்காமல் நடக்கிற அந்த நடையைச் சினிமாவில்கூட இப்போது பார்க்கிறேன். அவர் பெயர் தெரியாதவர்களும் அவர் நடையை நடக்கிறார்கள். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. மண்டியில் பெட்டி தூக்கும் பெண்களின் முதுகு எங்கே மடிகிறது, எங்கே நிமிர்கிறது என்று கவனிக்கிறேன். முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த முதுகுகள்தான். முன்பெல்லாம் எனக்கு அதில் எத்தனை பெட்டி போயிற்று என்பது மட்டும்தான் தெரியும்.

போன வருடம் பெங்களூரில் ஒரு விழாவுக்கு அந்தப் பழைய ஆட்டத்தைத் திரும்ப ஆடித்தரச் சொல்லிக் கேட்டார்கள். பழைய பெண்களில் பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேர் கண்காணாத தேசத்தில். புதுப் பெண்களை வைத்துப் பழக்கிப் பார்த்த அண்ணி ஒருநாள் எனக்குப் போன் செய்தார். "இதுங்க அழகா அடிக்குதுங்கடி. அதான் பிரச்சினை. நிஜமா சாவு வூட்ல அடிச்சவங்க வேணும் எனக்கு. உங்க குடோன் காலியா இருக்கா?"

எங்கள் குடோன் வீட்டை ஒட்டியே இருக்கிறது. தக்காளி வரத்து இல்லாத மாதம், பிளாஸ்டிக் பெட்டிகளை ஓரமாக அடுக்கினால் நல்ல இடம். என்னையும் சேர்த்து எட்டுப் பேரைத் தேற்றினேன். மண்டியில் வேலை செய்கிறவர்கள், பக்கத்துத் தெருவில் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற ஒரு மருமகள், கடத்தூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ஒருத்தி. ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு ஆட்டம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. முதல் நாள் தரை மேடு பள்ளமாக இருக்கிறது என்று புகார் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அண்ணி முடித்துவிட்டார்.

என் வீட்டுக்காரருக்குத்தான் மனசே இல்லை. சும்மா மாரடித்தால் எழவு தேடி வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சிறுசுகள் விளையாட்டுக்கு நெஞ்சில் தட்டிக்கொண்டாலே கையைத் தட்டிவிடுவோம். "அம்மா உசுரோட குந்தியிருக்கற வூட்டுக்குப் பக்கத்துல எழவுக்கு ஒத்திகையா? கூலிக்கு மாரடிக்கறதும்பாங்க, எங்கக்கா ஊரு உலகமெல்லாம் போயி அதத்தான் பண்ணுது" என்று என்னிடம் சத்தம் போட்டார். அக்காவிடம் போடத் தைரியம் கிடையாது. அந்த வாரம் பார்த்து எங்கள் தெருக்கோடியில், படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவர் போய்விட்டார். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனாலும் இரண்டு பேர் பயந்து நின்றுவிட்டார்கள். மீதி ஆறு பேரோடு அண்ணி தொடர்ந்தார். மாமியாரிடம் ஏதோ கும்மி பழகுகிறோம் என்று சொல்லி வைத்திருந்தோம். அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, காது மந்தம். கண் மட்டும் ஊசியில் நூல் கோக்கும்.

அந்தக் கடத்தூர்க்காரிக்கு ஒரு பழக்கம். வாயை மூடிக்கொண்டு அவளால் மாரடிக்க முடியாது. கை மாரில் விழுந்தால் தொண்டையிலிருந்து ஒப்பாரி தானாக வந்துவிடும். அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் காலை அவள் தன் அம்மாவை நினைத்துக்கொண்டு, எங்களைத் தாயில்லாமல் விட்டுப் போனாயே என்கிற அர்த்தத்தில் ஓங்கிப் பாட, நாங்கள் எல்லாரும் கரைந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருந்தோம். ரோட்டில் பைக்கில் போன ஒரு சொந்தக்காரர் காதில் அது விழுந்திருக்கிறது. உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வயசான உயிர், வேறு யாராக இருக்கும் என்று அவரே முடிவு செய்து, கடத்தூரில் இருக்கும் என் மாமியாரின் அண்ணன் மகனுக்குப் போன் போட்டுவிட்டார். அவர் என் வீட்டுக்காரருக்கு அடித்திருக்கிறார். இவர் ஏலத்தில் நின்றதால் எடுக்கவில்லை. சாவு வீட்டில் எவன் போன் எடுப்பான் என்று அவர் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

மதியம் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெரிய ரோஜா மாலையும் பிறந்த வீட்டுக் கோடிச்சேலையுமாகக் குடும்பமே இறங்கியது. "அத்தே! எங்கள உட்டுட்டுப் போயிட்டியே!" என்று கதறிக்கொண்டே உள்ளே நுழைந்த அண்ணன் மகன், முற்றத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கழுத்துக்கு நேராகப் பிடித்த மாலை பிடித்தபடி இருந்தது.

அத்தை மேலும் கீழும் பார்த்தார். "வாப்பா. மாலை யாருக்கு?"

சத்தம் கேட்டுக் குடோனிலிருந்து ஓடிவந்த நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தை கையை நீட்டிக் கோடிச்சேலையை வாங்கினார். மடிப்பை விரித்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "பொறந்த வூட்டுக் கோடி இதுதானா எனக்கு? கொசுவலையாட்டம் இருக்குது. உங்கப்பன் இருந்திருந்தா இத எடுத்திருப்பானா?"

அண்ணன் மகன் தரையில் உட்கார்ந்து அழவும் சிரிக்கவும் தொடங்கினார். மாலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று அத்தை அதை மாமனார் படத்துக்குப் போடச் சொன்னார். எல்லாருக்கும் சோறு ஆக்கினோம். கை கழுவிய பிறகு விசாரணை ஆரம்பித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, வந்தவர்களே அக்கம்பக்கத்தில் விசாரித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். குடோனில் மாரடிக்கிறார்கள், உங்கள் மகள்தான் பழக்குகிறாள், மாமா செத்த அன்றைக்கு நடந்ததை ஆட்டமாகப் போட்டு வைத்திருக்கிறாளாம், இன்டர்நெட்டில்கூட இருக்கிறது என்றார் அண்ணன் மகனின் மனைவி.

அண்ணியின் முகம் செத்துவிட்டது. அம்மா, அது சும்மா, என்று ஏதோ தொடங்கினார்.

"எனக்குக் காட்டு" என்றார் அத்தை.

"வேணாம்மா. உங்களுக்கு நல்லதில்ல."

"நாளைக்கு எனக்கும் இவளுங்கதான் அடிக்கப் போறாளுங்க. அப்ப நான் பாக்க முடியுமா? இருக்கறப்பவே பாத்துட்டுப் போறேன்."

அன்று சாயங்காலம் அண்ணி மொட்டை மாடியில் தனியாக நின்றார். நான் காபி கொண்டுபோனேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருத்தர், எத்தனையோ மேடை பார்த்தவர், காபியைச் சேலையில் கொட்டிக்கொண்டார். "அதப் பாத்தா எங்கம்மாவுக்குப் புரிஞ்சிரும்டி. எவளும் திரும்பல, அதுல ஒருத்தி நீதான்னு நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கேன்னு புரிஞ்சிரும். இத்தன வயசுல அவங்க மனச ஒடச்சு நான் என்ன பண்ணப் போறேன்? இல்ல, ஆமா பாக்கல, பாக்கப் புடிக்கலன்னு சொல்லிட்டாங்கன்னா?" எனக்கு அவர் மேல் பரிதாபமும் கோபமும் ஒன்றாக வந்தன. "அண்ணி, முப்பது வருசமா உங்கம்மா மேல ஒரு புகார ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. அவங்ககிட்ட மட்டும் சொல்லல. நாளைக்குச் சொல்லிருங்க" என்றேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். ஆனால் காலையில் நான் போவதற்குள் குடோனைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்.

அத்தையை நாற்காலியில் உட்கார வைத்தோம். நான் வட்டத்தில் முதல் ஆளாக நின்றேன். எங்களுக்கு அண்ணி கொடுத்திருந்த கட்டளை ஒன்றுதான். என்ன ஆனாலும் வெளியே நிற்பவள் பக்கம் பார்வை போகக் கூடாது. ஒத்திகையில் ஒரு தடவைகூட நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. அன்றைக்கும் நாங்கள் குனிந்து, அறைந்து, நகர்ந்து சுற்றினோம். கடத்தூர்க்காரி பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அடித்தாள். முடிந்தது. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

அத்தை முந்தானையால் மூக்கைச் சிந்தினார். "நல்லாத்தான் அடிச்சீங்க. ஒண்ணு மட்டும் தப்பு."

"என்னம்மா?"

"எவளும் உன்னயப் பாக்கவே இல்லியே."

அண்ணி தரையைப் பார்த்தபடி சொன்னார். "அன்னைக்கு யாரும் பாக்கலம்மா."

"யாரு சொன்னா? நான் பாத்தேன். கேட்டுப் பக்கம் வர்றப்பல்லாம் பாத்தேன். பாக்கறதுக்குத்தான் எந்திரிச்சு வந்தே அடிச்சேன். இல்லன்னா பொண்டாட்டிக்காரி நானு பொணத்துக்கிட்ட குந்தியிருக்காம எதுக்கு எந்திரிக்கப் போறேன்? செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு நின்ன. வெளிய நிக்கறவ எதுக்குடி செருப்பக் கழட்டுன? அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செருப்பு விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது, அவர் தம்பிக்குத் தெரியாது. சின்னப் பிள்ளை கேட்பது போல, "அப்பறம் ஏம்மா கூப்புடல?" என்றார்.

"கூப்புட்டா பாடைய எவனும் தொடமாட்டோம்னு பங்காளிங்க சொல்லிப்புட்டாங்க. உன் தம்பி ஒருத்தன், அவன் எப்புடித் தூக்குவான்? உங்கப்பன் வெய்யில்ல கெடந்து நாறணுமா? வாய அடைச்சுட்டாங்க. கண்ண அடைக்க முடியல." அத்தை அண்ணியின் தலையில் கையை வைத்தார். "நீயும் கேப்ப கேப்பன்னு பாத்தேன். நீ கேக்கல. மறந்துட்டன்னு நெனச்சு நானும் உட்டுட்டேன்."

நாங்கள் ஆறு பேரும் தேம்பினோம். எந்தச் சாவு வீட்டிலும் நான் அப்படி அழுததில்லை. ஆனால் அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. கையைத் தட்டினார். "எந்திரிங்க. மறுபடி அடிங்க. சரியா அடிங்க." என்னைக் காட்டினார். "இவ என் எடத்துல இருக்கட்டும். கேட்டுப் பக்கம் வர்றப்ப இவ பாக்கட்டும்."

அண்ணி எழுந்து தன் இடத்தில் போய் நின்றார். நாங்கள் ஆரம்பித்தோம். எத்தனையோ மேடையில் ஆடப்பட்ட ஆட்டத்தில், யாரும் திரும்பக் கூடாது என்கிற இடத்தில், முதல் தடவையாக நான் திரும்பினேன். ஆனால் அங்கே எனக்கு முகமே தெரியவில்லை. அண்ணியின் உச்சந்தலைதான் தெரிந்தது. நரைத்த கிராப்பு. அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுகிறார் போல, அடுத்த சுற்றில் நிமிர்வார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அடுத்த சுற்றிலும் திரும்பினேன். அதே உச்சந்தலை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஆட்டத்தில் வெளியே நிற்பவள் ஆரம்பம் முதல் கடைசி வரை குனிந்துதான் நிற்பாள். அண்ணி அதை அப்படித்தான் அமைத்திருந்தார், ஏனென்றால் அன்றைக்கு அவர் அப்படித்தான் நின்றார். பார்க்கிறவர்களுக்கு முதுகு. எங்களுக்கோ பார்க்கக் கூடாது என்று உத்தரவு. அவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை, ஒரே ஒரு கிழவியைத் தவிர. ஒரு தாய் சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறாள். மகள் தலையைத் தூக்கவில்லை. அவமானத்தில் குனிந்தவளுக்கு யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பது எப்படித் தெரியும்?

எனக்கு வந்தது கோபம். எத்தனை வருடம் இரண்டு பேரும் இப்படி வீணாக்கியிருக்கிறார்கள் என்கிற கோபம். அடுத்த சுற்றில் அவர் பக்கம் வந்தபோது, ஆட்டத்தில் பேசக் கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. மாரில் அறைந்த கையை இறக்காமலே சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணி, தலையத் தூக்குங்க. பாக்கறேன்ல?"

வட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன், இன்னொரு முழுச் சுற்று வர வேண்டும். பின்னால் அத்தை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. நான் மறுபடி கேட்டுப் பக்கம் வந்தபோது அண்ணி தலையைத் தூக்கியிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வட்டத்தில் என் அடிக்கு அடி வைத்து வந்துகொண்டிருந்த அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.